டிஸ்சார்ஜ் சம்மரியை ஏஐ-யிடம் காட்டிப் படிக்கலாமா? கோத்தகிரி வாசகிக்கு ஒரு மருத்துவரின் பதில்

கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 62 வயது, தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர். மூன்று வாரத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் நெஞ்சுவலி. 108-ல் முதலில் பக்கத்து அரசு மருத்துவமனை, அங்கிருந்து கோவையில் ஒரு தனியார் மருத்துவமனை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆஞ்சியோ எடுத்து, ஒரு ஸ்டென்ட் வைத்து, நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் கிடைத்தது டிஸ்சார்ஜ் சம்மரி, அதாவது என்ன சிகிச்சை நடந்தது, இனி என்ன செய்ய வேண்டும் என்று மருத்துவமனை எழுதித் தரும் தாள், ஐந்து பக்கமும் ஆங்கிலம். நர்ஸ் மாத்திரை அட்டைகளைக் காட்டி அவசரமாகச் சொன்னது பாதி புரியவில்லை.

கல்லூரியில் படிக்கும் தம்பி ஐந்து பக்கத்தையும் போனில் படம் எடுத்து, ஏஐ செயலியில் போட்டு, "தமிழ்ல நாலு வரியில சுருக்கமாச் சொல்லு" என்று கேட்டிருக்கிறான். நல்ல தமிழில் பதில் வந்தது, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அதன்படிதான் மூன்று வாரமாக நடக்கிறது. மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டார்கள். போன வாரம் பார்த்தால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை 286. "இதயம் 45 சதவீதம்தான் வேலை செய்கிறது" என்று படித்துக் காட்டியதிலிருந்து அப்பா படுக்கையை விட்டு எழுவதில்லை. மலை உயரம் இதய நோயாளிக்கு ஆபத்து என்று அதே செயலி சொன்னதால் அவரை மேட்டுப்பாளையத்தில் சித்தப்பா வீட்டில் வைத்திருக்கிறார்கள். அவரோ தினமும் "என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்கிறார். இப்போது பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிகிறது, அதனால் குளோபிடோக்ரல் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்பது தம்பியின் யோசனை.

வாசகி கேட்பவை: நிறுத்தலாமா? அப்பாவின் இதயம் பாதி செத்துவிட்டதா? ஏஐ-யிடம் கேட்டதே தப்பா, டாக்டரிடம் சொன்னால் திட்டுவாரா? தமிழில் எழுதித் தர வேண்டியது மருத்துவமனையின் கடமை இல்லையா? அப்பாவின் விவரமெல்லாம் வெளியே போய்விட்டதா?

பெயர், எண்களை மறைத்து அந்த ஐந்து பக்கத்தையும் ஏஐ பதிலின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள். அது இருந்ததால்தான் இவ்வளவு குறிப்பாகப் பதில் சொல்ல முடிகிறது.

முதலில் அந்த மாத்திரை

குளோபிடோக்ரலை நிறுத்தாதீர்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம், இதை இப்போதே தம்பிக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள்.

ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாய்க்குள் விரித்து வைத்த உலோக வலைக்குழாய். அதன் மேல் உடம்பின் சொந்த உள்படலம் வளர்ந்து மூடுவதற்கு மாதக்கணக்கில் ஆகும், அதுவரைக்கும் ரத்தம் அங்கே உறைந்துகொள்ளப் பார்க்கும். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்ந்துதான் அதைத் தடுக்கின்றன. மாரடைப்புக்குப் பிறகு ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இரண்டையும் வழக்கமாக ஓராண்டு வரை தருவோம், ரத்தக்கசிவு அபாயம் அதிகம் உள்ளவர்களுக்கு இதய மருத்துவர் அதைக் குறைப்பதும் உண்டு. மூன்றாவது வாரத்தில் வீட்டிலேயே முடிவெடுத்து நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு இன்னொரு மாரடைப்பு வரலாம், அது முதல் மாரடைப்பை விட மோசமாகவும் இருக்கலாம்.

ஈறில் லேசாகக் கசிவதும், இடித்துக்கொண்ட இடம் சட்டென்று கன்றிப்போவதும் இந்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களிடம் சகஜம். மென்மையான பிரஷ்ஷுக்கு மாறச் சொல்லுங்கள், அடுத்த முறை டாக்டரிடம் சொல்லுங்கள், போதும். ஆனால் மலம் தார் போலக் கறுப்பாகப் போனால், ரத்த வாந்தி எடுத்தால், சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், கசிவு நிற்காமல் போனால், திடீரென்று கடுமையான தலைவலியோ பேச்சுக் குழறலோ வந்தால், அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போங்கள். இன்னொன்று, மூட்டு வலிக்கு, பல் வலிக்கு என்று மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகள் இனி அப்பாவுக்கு வேண்டாம், ஆஸ்பிரின், குளோபிடோக்ரலோடு அவை சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும் வாய்ப்பு கூடும். பல் பிடுங்க நேர்ந்தாலும், மாத்திரையை நிறுத்துவதா வேண்டாமா என்பதை இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

தம்பி கேட்ட கேள்வியை ஸ்கிரீன்ஷாட்டில் பார்த்தேன். "குளோபிடோக்ரலாலதானே ரத்தம் வருது, நிறுத்திடலாமா?" ஏஐ-யிடம் இப்படி முடிவை நாமே வைத்துக்கொண்டு கேட்டால் அது பெரும்பாலும் நம் பக்கமே சாயும். ஆமாம், ரத்தக்கசிவு இதன் பக்கவிளைவு என்று நீளமாக விளக்கிவிட்டு, கடைசி வரியில் "மருத்துவரைக் கேளுங்கள்" என்று முடித்திருக்கிறது. சொன்ன ஒவ்வொரு வரியும் உண்மைதான். ஆனால் அப்பாவின் நெஞ்சுக்குள் மூன்று வாரத்து ஸ்டென்ட் இருக்கிறது என்ற ஒரே முக்கியமான விஷயம் அந்தப் பதிலில் எங்கேயும் இல்லை, ஏனென்றால் கேள்வியில் அது இல்லை.

மெட்ஃபார்மின் எங்கே தொலைந்தது

உங்கள் சம்மரியின் நான்காம் பக்கத்தில் மாத்திரை அட்டவணை இருக்கிறது: ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின், மெட்டோப்ரோலால், ராமிப்ரில், பாண்டோப்ரசோல், நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க சார்பிட்ரேட். மெட்ஃபார்மின் அந்தப் பட்டியலில் இல்லை. அது ஐந்தாம் பக்கத்தில், உணவு ஆலோசனைக்கும் மறுபரிசோதனைத் தேதிக்கும் நடுவே ஒரே ஒரு வாக்கியமாக இருக்கிறது. ஆஞ்சியோ முடிந்து 48 மணி நேரம் நிறுத்தி வைத்து, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்து, சரியாக இருந்தால் திரும்பத் தொடங்க வேண்டும் என்பது அதன் பொருள்.

ஆஞ்சியோவுக்குச் செலுத்தும் சாயம் சிலருக்குச் சிறுநீரகத்தைக் கொஞ்ச நாள் பாதிக்கும். சிறுநீரகம் மந்தமானால் மெட்ஃபார்மின் உடம்பில் தேங்கி ரத்தத்தில் அமிலத்தன்மையை ஏற்றிவிடலாம். அதனால்தான் பல மருத்துவமனைகளில் இரண்டு நாள் இடைவெளி விடுகிறார்கள். ஆக, அது தற்காலிகமான நிறுத்தம். நாலு வரிக்குள் அடக்கச் சொன்னதும் ஏஐ "சர்க்கரை மாத்திரையை நிறுத்தவும்" என்ற பாதியை வைத்துக்கொண்டு, "திரும்பத் தொடங்கவும்" என்ற பாதியை விட்டுவிட்டது. பழைய மாத்திரையை அட்டவணையில் சேர்க்காமல் விட்டதில் மருத்துவமனைக்கும் பங்கு இருக்கிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. இருக்கும் மாத்திரையில் எது தொடரும், எது நிற்கும், எது புதிது என்று மூன்றையும் ஒரே இடத்தில் எழுதியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

அதற்காகப் பழைய அளவில் நாளை காலை நீங்களாகவே ஆரம்பித்துவிட வேண்டாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ சர்க்கரையும் கிரியேட்டினினும் பார்த்து, அந்த ரிசல்ட்டையும் சம்மரியையும் டாக்டரிடம் காட்டித் தொடங்குங்கள். தள்ளிப்போட வேண்டாம், மாரடைப்பிலிருந்து மீண்டு வரும் இதயத்துக்கு ஏறிய சர்க்கரை நல்லதல்ல.

45 சதவீதம்

இதைப் படித்தபோதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. ஒரு எண்ணைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஒரு மனிதர் மூன்று வாரமாகப் படுத்துக் கிடக்கிறார்.

எக்கோ, அதாவது இதய ஸ்கேன் ரிப்போர்ட்டில் இ.எஃப். என்று போட்டிருக்கும் அந்த 45 என்பது, இதயத்தின் இடது கீழறையில் நிறைந்த ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் எத்தனை சதவீதம் வெளியே தள்ளப்படுகிறது என்ற கணக்கு. யாருடைய இதயமும் நூறு சதவீதத்தையும் தள்ளாது. நல்ல ஆரோக்கியமான இதயத்துக்கே 55-லிருந்து 70 வரைதான். அப்படிப் பார்த்தால் 45 என்பது கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். பாதி செத்துவிட்டது என்று அர்த்தமே இல்லை. மாரடைப்பு வந்த உடனே எடுத்த எக்கோவில் தசை அதிர்ச்சியில் சோர்ந்து இருக்கும். அடைப்பு நீங்கி ரத்தம் ஓட ஆரம்பித்த பிறகு வாரக்கணக்கில் அது தேறி வருவதை நிறையப் பேரிடம் பார்க்கிறோம். அதனால்தான் சில வாரம் கழித்து எக்கோவைத் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். இந்தப் பத்தியை அப்பாவுக்கு நீங்களே வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் அவர் சாப்பிடாமல், பேசாமல், தூங்காமல் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வு வருவது சாதாரணம், அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது.

வீட்டுக்குக் கூட்டி வரலாமா

சம்மரியில் மலைக்குப் போகக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. உயரத்தால் வரும் தொல்லைகளைப் பற்றி மருத்துவத்தில் கவலைப்படுவது பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலே. கோத்தகிரி 2,000 மீட்டருக்குள்தான், அதுவும் அவர் ஆயுள் முழுக்க மூச்சு விட்டுப் பழகிய காற்று. நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இல்லாமல் சமதளத்தில் நடக்க முடிகிறது என்றால், ஸ்டென்ட் வைத்த டாக்டரிடம் போனில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கூட்டி வாருங்கள். மனசுக்கும் அதுதான் நல்லது.

நம் ஊரில் உயரத்தை விடக் கவனிக்க வேண்டியது குளிரும் சரிவும் தூரமும். "தினமும் நடக்கவும்" என்று சம்மரி சொல்கிறது, ஏஐயும் அப்படியே சொல்லிவிட்டது. லைன் வீட்டு வாசலிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம் என்பது கோவையில் எழுதியவருக்கும் தெரியாது, போனுக்கும் தெரியாது. ஆரம்பத்தில் சமமான ஒரு துண்டு ரோட்டிலோ வாசலிலோ பத்து நிமிடம் நடந்தால் போதும். ஏற்றமும் படியும் டாக்டர் சரி சொன்ன பிறகு மெதுவாக. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் விடியற்காலை வேண்டவே வேண்டாம். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். வெயில் வந்த பிறகு, காதை மூடிக்கொண்டு நடக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து ரோடு அடைபடுவது நமக்குத் தெரிந்ததுதானே, அதனால் மாத்திரை எப்போதும் இரண்டு வாரத்துக்கு உபரியாகக் கையில் இருக்கட்டும்.

நெஞ்சுவலி திரும்ப வந்தால் அப்பாவை உட்கார வைத்து சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில் வையுங்கள், ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் 108. கோவைக்கே நேராகப் போகலாம் என்று காருக்குக் காத்திருக்காதீர்கள், பக்கத்து அரசு மருத்துவமனையில் முதலில் ஈ.சி.ஜி. எடுக்கட்டும். அந்த நேரத்தில் யாரும் போனில் எதையும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஏஐ-யிடம் கேட்டது தப்பா

இல்லை. ஐந்து பக்க ஆங்கிலத்தைக் கையில் கொடுத்து அனுப்பினால் வீட்டில் இருப்பவர்கள் வேறு என்ன செய்வார்கள்? பெரிய மருத்துவமனைகளே இதைப் பரிசோதித்துப் பார்க்கின்றன. நியூயார்க்கில் என்.ஒய்.யு. லாங்கோன் மருத்துவமனையின் மருத்துவர்கள் 50 டிஸ்சார்ஜ் சம்மரிகளை ஏஐ மூலம் எளிய நடைக்கு மாற்றி, 2024-ல் ஆய்வாக வெளியிட்டார்கள். பதினோராம் வகுப்பு அளவில் இருந்த நடை ஆறாம் வகுப்பு அளவுக்கு இறங்கியது. நோயாளிக்குப் புரியும் தன்மைக்கான மதிப்பெண் 13 சதவீதத்திலிருந்து 81-க்கு ஏறியது. ஒவ்வொன்றையும் இரண்டு மருத்துவர்கள் சரிபார்த்தார்கள், ஆக மொத்தம் 100 மதிப்பீடு. அதில் 18-ல் நோயாளியின் பாதுகாப்பைப் பற்றிய கவலை எழுந்தது. பெரும்பாலும் காரணம், முக்கியமான ஏதோ ஒன்று விடுபட்டுப் போனது. சிலவற்றில் இல்லாததைச் சேர்த்தும் இருந்தது.

உங்கள் வீட்டில் நடந்ததும் அதே விடுபடல்தான். அதுவும் அவர்கள் செய்தது ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கு, மருத்துவர்கள் கூடவே இருந்து. நீங்கள் செய்தது போன் படத்திலிருந்து தமிழுக்கு, சரிபார்க்க யாரும் இல்லாமல். தப்பாகச் சொன்னதையாவது எப்போதாவது சந்தேகப்படுவோம், சொல்லாமல் விட்டதைச் சந்தேகப்பட வழியே இல்லை, ஏனென்றால் அது நம் கண்ணில் படுவதே இல்லை. பதிலின் தமிழ் எவ்வளவு தெளிவோ அவ்வளவுக்கு மூலத் தாளைத் திரும்பப் பார்க்கத் தோன்றாமல் போய்விடுகிறது.

இனிமேல் இப்படிச் செய்யுங்கள்:

*சுருக்கச் சொல்லாதீர்கள்.* "ஒரு வரி விடாமல் தமிழில் எழுது. எதையும் சேர்க்காதே. படிக்க முடியாத இடத்தில் தெளிவில்லை என்று எழுது. மருந்துப் பெயரையும் அளவையும் ஆங்கிலத்தில் அப்படியே விடு" என்று கேளுங்கள். பெயர் ஆங்கிலத்திலேயே இருந்தால்தான் மாத்திரை அட்டையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட முடியும். புள்ளிகளில் கவனம் வேண்டும், மங்கலான படத்தில் 2.5 என்பது 25 ஆகிவிடலாம்.

*மாத்திரையைக் கூட்டு, குறை, நிறுத்து, மாற்று* என்று எந்த வரி வந்தாலும், அது மூலத் தாளில் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். முடியாவிட்டால் டாக்டரையோ மருந்தாளுநரையோ கேட்காமல் செய்யாதீர்கள். 104-க்குப் போன் செய்தாலும் தமிழில் ஆலோசனை கிடைக்கும். இரண்டு செயலிகள் ஒரே பதிலைச் சொன்னதால் அது சரியாகிவிடாது.

*கேள்வி தயாரிக்கப் பயன்படுத்துங்கள்.* "இந்தத் தாளைப் படித்தவர் அடுத்த முறை டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஏஐ-யின் மிக நல்ல உபயோகம் இதுதான் என்று நினைக்கிறேன், இதில் அது தவறினாலும் யாருக்கும் கெடுதல் வராது.

எல்லாம் புரிந்த பிறகு அப்பாவையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எந்த மாத்திரை எதற்கு, எப்போது, எந்த அறிகுறிக்குப் பயப்பட வேண்டும் என்று அவர் வாயால் வந்தால்தான் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

விவரம் வெளியே போனது பற்றி

தம்பி செயலியில் போட்ட படத்தில் பெயர், போன் நம்பர், காப்பீட்டு அட்டை எண், மருத்துவமனைப் பதிவு எண் எல்லாம் இருந்திருக்கும். போனதைத் திரும்பப் பிடிக்க முடியாது, அதற்காகப் பதறவும் வேண்டாம். அந்த உரையாடலை அழித்துவிடச் சொல்லுங்கள், நம் உரையாடலை ஏஐ-யின் பயிற்சிக்குப் பயன்படுத்தும் அனுமதியை செட்டிங்ஸில் அணைத்து வையுங்கள். அடுத்த முறை படம் எடுக்கும் முன் மேல்பகுதியை ஒரு தாளால் மூடிக்கொண்டால் போதும், நோயைப் புரிந்துகொள்ளப் பெயர் தேவையில்லை. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதே சம்மரியைப் போட்டிருக்கிறீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் அதிகக் கவலை, அதையும் நீக்கிவிடுங்கள்.

தமிழில் கேட்கும் உரிமை

சம்மரியைத் தமிழில் அச்சடித்துத் தந்தே ஆக வேண்டும் என்று வாதாடுவது கஷ்டம். ஆனால் தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்து, மத்திய சுகாதார அமைச்சகம் 2019-ல் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளர் உரிமைச் சாசனத்தில், நோய், சிகிச்சை பற்றிய விவரத்தை நோயாளிக்குத் தெரிந்த மொழியில், அவருக்குப் புரிகிற அளவில் விளக்க வேண்டும் என்று இருக்கிறது. அதனால் "டாக்டர், இதை ஒருமுறை தமிழில் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்" என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. மருத்துவப் பதிவேடுகளின் நகல் வேண்டுமென்றாலும் கேட்கலாம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ஆஞ்சியோ சிடியும் எக்கோ ரிப்போர்ட்டும் உங்களிடம் இல்லையென்றால் இப்போதே வாங்கி வையுங்கள். காப்பீட்டில் சிகிச்சை பெற்றவர் என்பதால் கேட்கத் தயங்க வேண்டியதே இல்லை.

டாக்டர் திட்டுவாரா என்ற கேள்விக்கு: சிலர் முகம் சுளிக்கக்கூடும். அப்படியிருந்தாலும் சொல்லிவிடுங்கள். "ஏஐ இப்படிச் சொன்னது, அதன்படி மெட்ஃபார்மினை மூன்று வாரம் கொடுக்கவில்லை" என்று ஒரே வாக்கியத்தில் சொன்னால் போதும். அது தெரியாமல் 286-ஐ மட்டும் பார்த்தால், மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டவோ இன்சுலின் ஆரம்பிக்கவோ கூடும். தம்பியைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம், வீட்டில் அந்தத் தாளைப் படிக்க முயன்றவன் அவன் ஒருவன்தான்.

மறுபரிசோதனைத் தேதி ஐந்தாம் பக்கத்தின் அடியில் இருக்கிறது, இன்னும் எட்டு நாள்தான். அன்றைக்கு மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், பழைய மெட்ஃபார்மின் அட்டையையும் சேர்த்து, ஒரு பையில் எடுத்துப் போங்கள். இதற்கு முன் சாப்பிட்டதில் எது தொடர்கிறது, எது நின்றது, எது புதிது என்று ஒவ்வொரு அட்டையின் மேலும் டாக்டர் முன்னாலேயே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். தம்பியையும் கூட்டிப் போங்கள்.